அஜைல் செத்துப்போச்சுன்னு யார் சொன்னா?



இந்த வார எபிசோடில் அஜைல் பற்றிப் பேச உட்கார்ந்து, பாதி நேரம் ஜிராவைத் திட்டுவதிலேயே போய்விட்டது. திட்டியதில் தப்பில்லை. ஆனா யூனியில் கடைசி வருஷம் இருப்பவர்களும், முதல் வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆனவர்களும் அனுப்பியிருந்த கேள்வியை நாங்கள் தொடவே இல்லை: அஜைல் செத்துப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, அப்போ வேலையில தினமும் நாங்க பண்றது என்ன? ஸ்க்ரம் சர்டிஃபிகேட்டுக்குக் காசு கட்டலாமா, வேண்டாமா? பதில் ஒரு வரியில் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது படியுங்கள்.

ஆக்லாந்து சிட்டியில், குயின் ஸ்ட்ரீட்டில் ஆரம்பித்து விண்யார்ட் குவார்ட்டர் வரை, காலை ஒன்பதரைக்கு எந்த ஐடி மாடியில் நுழைந்தாலும் ஏழெட்டுப் பேர் ஒரு ஸ்கிரீனைப் பார்த்து நின்றுகொண்டிருப்பார்கள். நேற்று இது முடித்தேன், இன்று அது எடுக்கிறேன், பிளாக்கர் ஒன்றும் இல்லை. அடுத்தவர். கான்ட்ராக்டராக இருப்பதில் ஒரு வசதி, வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஆபீஸின் ஸ்டாண்ட்-அப்பை உள்ளே நின்று பார்க்க முடிகிறது. எல்லா இடத்திலும் மந்திரம் ஒன்றுதான். ஒரு இடத்தில் சாமி வருகிறது, இன்னொரு இடத்தில் வருவதில்லை.

ஏன் என்று பார்த்தால், என் கணக்கில் இரண்டு கேள்வியில் வந்து நிற்கிறது. நாம் எடுத்த முடிவு தப்பு என்று தெரியவர எத்தனை நாள் ஆகிறது? தெரிந்த பிறகு திட்டத்தை மாற்ற, வேலையைச் செய்கிறவர்களுக்கு உரிமை இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் இருக்கும் இடத்தில் ஸ்பிரிண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். இல்லாத இடத்தில் எத்தனை மஞ்சள் சீட்டு ஒட்டினாலும் நடக்காது. அஜைல் உயிரோடு இருக்கிறதா என்ற சண்டையை இந்த இரண்டு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள், நிறைய தெளியும்.

சம்பளப் பட்டுவாடாவில் பிறந்தது

பலரும் அஜைலின் பிறந்த தேதியாக 2001 பிப்ரவரியைச் சொல்வார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில், 17 பேர் கூடி ஒரு பக்க அறிக்கை எழுதினார்கள். நான்கு விழுமியங்கள், பன்னிரண்டு கொள்கைகள். ஸ்டாண்ட்-அப், ஸ்டோரி பாயின்ட், ஜிரா, வெலாசிட்டி சார்ட் எதுவும் அதில் இல்லை. நெட்டில் ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். படித்துவிட்டு உங்கள் டீமைப் பாருங்கள், சிரிப்பு வரும் அல்லது அழுகை வரும்.

அந்த 17 பேரும் அங்கே போவதற்கு முன்பே தனித்தனியாகச் செய்துபார்த்தவர்கள். கென்ட் பெக் 1990களின் நடுவில் கிரைஸ்லர் கார் கம்பெனியின் சம்பளப் பட்டுவாடா சாஃப்ட்வேரில் வேலை செய்தார். சி3 என்று பெயர். இரண்டு பேர் சேர்ந்து ஒரே கம்ப்யூட்டரில் கோட் எழுதுவது, டெஸ்டை முதலில் எழுதுவது, வாடிக்கையாளரைப் பக்கத்திலேயே உட்கார வைப்பது, இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற பெயர் வாங்கியது அங்கேதான். 1997ல் சுமார் 10,000 பேருக்கு அந்த சிஸ்டம் சம்பளம் போட்டது. 2000ல் கம்பெனி அந்த புராஜெக்ட்டையே நிறுத்திவிட்டது. அஜைல் பிரசாரகர்கள் இந்தக் கடைசி வரியைச் சொல்ல மாட்டார்கள். எனக்கென்னவோ அதைச் சொல்வதுதான் நேர்மை என்று படுகிறது. நல்ல முறையில் வேலை செய்தாலும் புராஜெக்ட் சாகும்.

இன்னொரு கிளை ஸ்க்ரம். ஹிரோட்டாகா தகேயுச்சி, இகுஜிரோ நொனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் 1986ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில், புதுப் பொருள் உருவாக்கும் டீமை ரக்பி டீமோடு ஒப்பிட்டார்கள்: பந்தை டீமுக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டு எல்லாரும் ஒன்றாக முன்னேறுவது. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாந்தும் 1995ல் அந்தப் பெயரில் சாஃப்ட்வேருக்கு ஒரு முறையை முன்வைத்தார்கள். ஈடன் பார்க்கில் ஆட்டம் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஒரு தமாஷ் உண்டு. ரக்பியில் ஸ்க்ரம் என்பது பந்து நின்றுபோனபின் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் வழி. பதினாறு பேர் தலையை முட்டிக்கொண்டு நிற்பார்கள், பந்து எங்கே என்று பாதிப் பேருக்குத் தெரியாது. சில ஆபீஸுக்கு அந்தப் பெயர் கச்சிதம்.

நம்ம ஊர் பாடம்: நோவோபே, ஐஆர்டி

அஜைல் எதற்கு மருந்து என்று புரிய, நோய் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். நியூசிலாந்தில் அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஸ்கூல் டீச்சராக ஒரு அம்மாவோ ஆன்ட்டியோ இருந்தால் "நோவோபே" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

2012 ஆகஸ்டில் நாடு முழுக்க ஆசிரியர்களுக்கும் பள்ளி ஊழியர்களுக்கும் சம்பளம் போட ஒரு புது சிஸ்டம் வந்தது. டேலன்ட்2 என்ற ஆஸ்திரேலியக் கம்பெனி கட்டியது. 2,400க்கும் மேற்பட்ட பள்ளிகள், சுமார் 110,000 பேர். எல்லாரும் ஒரே நேரத்தில் பழையதிலிருந்து புதியதுக்கு. சிலருக்குச் சம்பளம் குறைந்து வந்தது, சிலருக்கு அதிகமாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. பள்ளி ஆபீஸில் இருந்தவர்கள் மாதக்கணக்கில் ஒவ்வொரு பட்டுவாடாவிலும் தவறுகளைக் கையால் திருத்திக்கொண்டிருந்தார்கள். 2013 ஜனவரியில் ஸ்டீவன் ஜாய்ஸை இதற்கென்றே பொறுப்பு அமைச்சராகப் போட்டார்கள். அதே வருஷம் அமைச்சக விசாரணை அறிக்கையும் வந்தது. 2014 அக்டோபரில் அரசே ஒரு கம்பெனி வைத்து வேலையை எடுத்துக்கொண்டது.

குறைகள் யாருக்கும் தெரியாமல் இருந்ததா என்றால், இல்லை. தெரிந்த குறைகளோடுதான் லைவ் போக அனுமதி கிடைத்தது. இதைத்தான் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் போட்டது 2008ல். நாலு வருஷம் காத்திருந்து ஒரே நாளில் திறக்கும்போது, "இன்னும் ரெடி இல்லை" என்று சொல்லும் தைரியம் யாருக்கு வரும்? அவ்வளவு பெரிய அடுப்பை மூட்டியபிறகு உப்பு பார்த்து என்ன பயன்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள், ஆனால் அந்த ஒரு சோற்றை வேகும்போதே எடுத்துப் பார்க்கணும். பந்தியில் இலை போட்டபிறகு பார்க்கக் கூடாது.

இப்போது அதே நாட்டில், அதே மாதிரி அரசு வேலை, வேறு விதமாக நடந்ததைப் பாருங்கள். ஐஆர்டி தன் பழைய வரி சிஸ்டத்தை மாற்றியபோது ஒரேயடியாக மாற்றவில்லை. 2017 பிப்ரவரியில் ஜிஎஸ்டி மட்டும். 2018ல் வேறு சில வரிகள். 2019ல் வருமான வரியும் வொர்க்கிங் ஃபார் ஃபேமிலீஸும். 2020ல் கிவிசேவர். 2021ல் சைல்ட் சப்போர்ட். ஃபாஸ்ட் என்டர்பிரைசஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ரெடிமேட் சாஃப்ட்வேரை எடுத்து, வரி வரியாக நகர்த்தினார்கள். குறையே இல்லாமல் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கட்டத்தில் கற்றது அடுத்த கட்டத்துக்கு உதவியது, மொத்தமும் ஒதுக்கிய பணத்துக்குள் முடிந்தது. (முதலில் ஜிஎஸ்டி என்றால் முதல் பரிசோதனை எலிகள் எங்களைப் போன்ற கான்ட்ராக்டர்களும் சின்ன வியாபாரிகளும்தான். பரவாயில்லை, நாட்டுக்காக.)

இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? ஐஆர்டி செய்ததை ஸ்க்ரம் பயிற்சியாளர் யாரும் சுத்தமான அஜைல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். வருஷத்துக்கு ஒரு ரிலீஸ், அதுவும் முன்கூட்டியே திட்டமிட்ட தேதியில். ஆனாலும் என் முதல் கேள்விக்கு நல்ல பதில் இருந்தது. தப்பு நடந்தால் ஒரு வரியில் நடக்கும், அடுத்த வரிக்கு முன் தெரிந்துவிடும். பெயர் முக்கியமில்லை, துண்டின் அளவுதான் முக்கியம். சம்பளப் பட்டுவாடாவைத் துண்டாக்குவது வரியைத் துண்டாக்குவதைவிடக் கஷ்டம் என்று ஒருவர் வாதாடலாம். கஷ்டம்தான். ஆனால் அந்தக் கஷ்டத்தை முதலிலேயே படுவதா, கடைசியில் ஒரு லட்சம் பேர் படுவதா?

ஸ்பார்க்: முழு கம்பெனியும் ஒரே நாளில்

இனி இரண்டாவது கேள்வி, உரிமை பற்றியது. அதற்கு ஸ்பார்க் தலைமையகத்துக்கு வர வேண்டும்.

2018ல் ஸ்பார்க், அப்போதைய தலைவர் சைமன் மவுட்டரின் கீழ், முழு நிறுவனத்தையும் அஜைலுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஐடி பிரிவு மட்டுமில்லை, மார்க்கெட்டிங், புராடக்ட் எல்லாமே. ஜூலை 1 முதல் டிரைப், ஸ்குவாட், சாப்டர். ஊழியர்களிடம் புதிய வேலை ஒப்பந்தம் நீட்டப்பட்டது. கையெழுத்துப் போடலாம், அல்லது ரிடண்டன்சி வாங்கிக்கொண்டு போகலாம். தொழிற்சங்கம் எதிர்த்தது. பல வருஷம் மேனேஜராக இருந்தவர்கள் தங்கள் இடத்துக்குத் தாங்களே மறுபடி விண்ணப்பிக்கும் நிலை வந்தது.

ஸ்குவாட், டிரைப் என்ற சொற்கள் எங்கிருந்து வந்தன? 2012ல் ஹென்ரிக் நிபெர்க்கும் ஆண்டர்ஸ் இவார்சனும் ஸ்பாட்டிஃபையில் டீம்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். இது இன்றைய நிலவரம், நாளை மாறும் என்று அவர்களே அதில் சொல்லியிருந்தார்கள். உலகம் அந்த வரியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. நெதர்லாந்தின் ஐஎன்ஜி வங்கி 2015ல் தன் தலைமையகத்தில் சுமார் 3,500 பேரை 350 ஸ்குவாடுகளாகப் பிரித்தது. அதைப் பார்த்து மற்ற வங்கிகளும் டெலிகாம்களும். 2020ல் ஸ்பாட்டிஃபையின் முன்னாள் ஊழியர் ஜெரமையா லீ, அந்த மாடல் ஸ்பாட்டிஃபையிலேயே சொன்னபடி முழுசாக ஓடவில்லை என்று விரிவாக எழுதினார். கோயில் கட்டி முடித்தபிறகு மூலவர் அங்கே இல்லை என்று தெரிந்த மாதிரி.

இன்னொன்றையும் சொல்லணும். இந்த நாட்டில் டிரைப் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே உண்மையான பொருள் இருக்கிறது. இவி, ஹபூ என்று பல நூறு வருஷ உறவுமுறையும் நிலமும் வரலாறும் உள்ள மாவோரி மக்கள் வாழும் ஊரில், பிராட்பேண்ட் பில்லிங் பார்க்கும் நூற்றைம்பது பேருக்கு அந்தப் பெயரை வைப்பது எனக்கு ஒட்டவே இல்லை.

ஸ்பார்க் செய்தது தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. டெலிகாம் மாதிரி ஒரு தொழிலில், ஒரு சின்ன பிளான் மாற்றத்துக்கு ஆறு துறையின் கையெழுத்து தேவைப்படும் நிலையில், எல்லாரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பதற்கு நியாயம் இருக்கிறது. முதல் கேள்விக்கு அது நல்ல பதிலாகவே இருந்திருக்கும். முரண் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. ஸ்னோபேர்ட் அறிக்கையின் உயிர், எப்படி வேலை செய்வது என்பதை டீமே தீர்மானிக்கணும் என்பதில் இருந்தது. இங்கே, "நீங்களே தீர்மானிக்கும் முறைக்கு எல்லாரும் மாற வேண்டும், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று மேலிருந்து வந்தது. என் பார்வையில் ஆக்லாந்தில் அஜைல் என்ற சொல்லின் பொருள் அன்று மாறியது. அதுவரை கோட் எழுதுபவர்கள் மேனேஜரிடம் கெஞ்சிக் கேட்டது, அதன்பிறகு ஹெச்ஆர் கொடுக்கும் கடிதத்தில் வருவதாகிவிட்டது.

ரெட்ரோவில் யார் பேசுவார்கள்?

ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், ரெட்ரோ போர்டில் ஒரே சீட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: டெஸ்ட் என்விரான்மென்ட் கிடைக்க நாலு நாள் ஆகிறது. இரண்டு வார ஸ்பிரிண்டில் பத்து வேலை நாள், அதில் நாலு போனால் மிச்சம் என்ன? எல்லாரும் அந்தச் சீட்டுக்கு ஓட்டுப் போடுவார்கள். ஸ்க்ரம் மாஸ்டர் குறித்துக்கொள்வார். என்விரான்மென்ட் டீம் வேறொரு மேனேஜரின் கீழ், அந்த மேனேஜரின் பட்ஜெட் வருஷத்துக்கு ஒருமுறை. நான் போவதற்கு முன்பே அந்தச் சீட்டு இருந்தது, நான் வந்தபிறகும் இருந்தது. ரெட்ரோ நடத்துவது சுலபம். ரெட்ரோவில் தெரிந்ததைச் சரிசெய்ய ஒரு டாலரோ ஒரு அதிகாரமோ டீமுக்குக் கொடுப்பதுதான் கஷ்டம்.

கான்ட்ராக்டர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரினியூவல் என்றால், "இந்தத் தேதி நடக்காது" என்று அந்த ரினியூவலில் கையெழுத்துப் போடுகிறவர் முன்னால் யார் சொல்வார்கள்? பலர் சொல்வதில்லை. அது கோழைத்தனம் இல்லை, வீட்டு லோன்.

சென்னை டீம் சேர்ந்துகொண்டால் கதை இன்னும் நுட்பமாகிறது. இதை நம்ம பிள்ளைகள் தெரிந்துகொள்ளணும், ஏன்னா மீட்டிங்கில் இரண்டு பக்கமும் புரிகிற ஒரே ஆள் பல நேரம் நீங்களாக இருப்பீர்கள். ஆக்லாந்து காலை ஒன்பதரை என்றால் சென்னையில் குளிர்காலத்தில் விடியற்காலை மூன்று மணி, டேலைட் சேவிங் வந்துவிட்டால் இரண்டு மணி. ஆகவே ஸ்டாண்ட்-அப் மாலை நாலு மணிக்குப் போகும், அங்கே அப்போது காலை ஒன்பதரை. நாம் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவோம். இரண்டு பக்கமும் விழித்திருக்கும் நேரம் ஒரு மணி. காலையில் எழுந்த சந்தேகத்துக்குப் பதில் மாலையில், அந்தப் பதிலிலிருந்து எழும் அடுத்த சந்தேகத்துக்குப் பதில் மறுநாள் மாலையில். பத்து நாள் ஸ்பிரிண்டில் மொத்தம் பத்து உரையாடல். பக்கத்து மேஜையில் இருந்தால் இதெல்லாம் ஒரு காபிக்குள் முடிந்திருக்கும். டிசிஎஸ் 2020க்குள் முழு நிறுவனமும் அஜைல் ஆகும் என்று இலக்கு வைத்து, இடம் எதுவானாலும் அஜைல் முடியும் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தது. முடியும், மறுக்கவில்லை. ஆனால் பூமி சுற்றுவதை எந்த ஃபிரேம்வொர்க்கும் நிறுத்தாது.

நேரம்கூடப் பரவாயில்லை, பேச்சுதான் பெரிய விஷயம். கிளையன்ட் முன்னால் அங்கே இருக்கும் ஜூனியர் "யெஸ், வில் டூ" என்பார். கால் முடிந்து இரண்டு நிமிடத்தில் எனக்குத் தனியாக போன் வரும்: "அண்ணா, அது வெள்ளிக்கிழமைக்குள்ள நடக்காதுண்ணா, அந்த ஏபிஐயே எங்களுக்கு இன்னும் வரல." ஸ்டாண்ட்-அப்பின் முழு நோக்கமும் அந்த ஒரு வாக்கியம் எல்லார் முன்னாலும் வருவதுதான். அது தமிழில், தனியாக, பின்னால் வருகிறது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு மேல் ஒரு லீட், அவருக்கு மேல் ஒரு மேனேஜர், அதற்கு மேல் ஒரு டெலிவரி ஹெட், எல்லாரும் அதே காலில் மியூட்டில் இருக்கிறார்கள்.

உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ 1990களின் கடைசியில் சென்னையிலோ பெங்களூரிலோ ஐடியில் இருந்திருந்தால் சிஎம்எம் லெவல் 5 பற்றிக் கேளுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் வகுத்த தர அளவுகோல் அது. இந்தியக் கம்பெனிகள் அதில் உச்சப்படியை வரிசையாக எட்டின. எல்லாவற்றுக்கும் ஆவணம், எல்லாவற்றுக்கும் கையெழுத்து. இன்று கேலி செய்வது சுலபம். ஆனால் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும், முகம் தெரியாத ஒருவரை நம்பி வேலை கொடுக்க அன்று அந்தக் காகிதம்தான் வழி. அந்தத் தலைமுறையின் வீடும் நம்ம ஸ்கூல் ஃபீஸும் அந்தக் காகிதத்தில் வந்தது. இப்போது அதே கம்பெனிகள் அஜைல் என்று போர்டு மாற்றியபின், உள்ளே ஒப்பந்தம் மட்டும் பழையபடி: இவ்வளவு வேலை, இந்தத் தேதி, இந்த விலை. பழைய கள், புது மொந்தை. ஃபிக்ஸட் பிரைஸ் ஒப்பந்தத்துக்குள் ஸ்பிரிண்ட் ஓட்டினால் அது தவணை முறையில் வாட்டர்ஃபால், வேறொன்றுமில்லை.

அப்போ செத்தது எது?

செத்தது என்று சொல்பவர்கள் எதிரிகள் இல்லை என்பது முக்கியம். ஸ்னோபேர்டில் கையெழுத்துப் போட்ட 17 பேரில் ஒருவரான டேவ் தாமஸ் 2014லேயே அப்படி எழுதினார். அவர் சொன்னது, அந்தச் சொல் ஒரு விற்பனைப் பொருளாகிவிட்டது, அதை விட்டுவிட்டு வேலை செய்யும் விதத்தைக் காப்பாற்றுவோம் என்று. இன்னொருவர், கிரைஸ்லர் சி3ல் இருந்த ரான் ஜெஃப்ரீஸ், 2018ல், கோட் எழுதுபவர்கள் பெரிய எழுத்தில் தொடங்கும் அந்த அஜைலைக் கைவிட வேண்டும் என்று எழுதினார். ஸ்டோரி பாயின்ட்டைத் தான்தான் கண்டுபிடித்திருக்கக் கூடும், அப்படியென்றால் மன்னியுங்கள் என்றும் அவர் வேறொரு இடத்தில் சொல்லியிருக்கிறார். பெரிய மனசு.

வேலைச் சந்தை அவர்களைவிட மெதுவாக, ஆனால் கொடூரமாக அதே முடிவுக்கு வந்தது. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேபிட்டல் ஒன் வங்கி அஜைல் என்ற வேலைப் பிரிவையே ஒழித்தது. 1,100க்கும் மேற்பட்ட இடங்கள் போயின. அந்த வேலையை இனி எஞ்சினியர்களும் புராடக்ட் மேனேஜர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். மீட்டிங் நடத்துவது மட்டுமே வேலை என்றிருந்த பதவிகளுக்கு இது முதல் மணி. இதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. நல்ல ஸ்க்ரம் மாஸ்டர்களோடு வேலை செய்திருக்கிறேன். அந்த என்விரான்மென்ட் மேனேஜரின் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது அவர்கள்தான். ஆனால் அந்தத் தட்டல் எந்த ரிப்போர்ட்டிலும் வராது, ஆட்குறைப்பு வரும்போது காப்பாற்றாது.

இப்போது ஏஐ. கோட் எழுதும் நேரமே சுருங்கிவிட்டது, இனி இரண்டு வார ஸ்பிரிண்ட் எதற்கு என்று எபிசோடில் கேட்டோம். எண்ணைப் பார்ப்போம். கூகுளின் டோரா குழு வருஷாவருஷம் சாஃப்ட்வேர் டீம்களைச் சர்வே எடுக்கிறது. 2024 அறிக்கையில், ஒரு டீமில் ஏஐ பயன்பாடு 25 சதவீதம் கூடினால் டெலிவரியின் ஸ்திரத்தன்மை சுமார் 7.2 சதவீதம் குறையும் என்று மதிப்பிட்டார்கள். வேகமும் 1.5 சதவீதம் குறைகிறதாம். ஏன்? அவர்கள் ஊகம், ஏஐ வந்ததும் ஒரே தடவையில் அனுப்பும் மாற்றத்தின் அளவு பெரிதாகிவிடுகிறது. ஆயிரம் வரியை ஒரு நிமிடத்தில் எழுதலாம், ஆனால் ஆயிரம் வரியை ரிவ்யூ செய்கிற மனுஷனுக்குக் கண் இரண்டுதானே. நோவோபேயும் அதே நோய்தான்: துண்டு பெரிசு, தப்பு தெரிய லேட். டூல் மட்டும் புதுசு.

அதனால் என் பந்தயம் இது. ஸ்பிரிண்ட், ஸ்டோரி பாயின்ட், வெலாசிட்டி எல்லாம் பத்து வருஷத்தில் ஃபேக்ஸ் மெஷின் மாதிரி ஆகும். சின்னத் துண்டாக அனுப்பிப் பார், பயன்படுத்துகிறவரிடம் காட்டு, தப்பென்றால் திருப்பு என்பது ஏஐ வந்தபின் இன்னும் அதிகமாகத் தேவைப்படும். கோட் எழுதுவது மலிவாகிவிட்டால், எதை எழுதணும் என்று கண்டுபிடிப்பதுதான் விலை உயர்ந்த வேலை.

சர்டிஃபிகேட் கேள்விக்கு வருகிறேன். பிஎஸ்எம் ஒன்று என்ற தேர்வு ஆன்லைனில் 80 கேள்வி, 60 நிமிடம், 85 சதவீதம் எடுத்தால் பாஸ். ஸ்க்ரம் கைடு இலவசம், பதிமூன்று பதினான்கு பக்கம்தான். வேலை விளம்பரத்தில் கேட்டிருந்தால் அதைப் படித்துவிட்டு எழுதிவிடுங்கள், ஒரு வாரக்கடைசி போதும். இரண்டு நாள் கோர்ஸுக்குப் பெரிய தொகை உங்கள் கையிலிருந்து கட்ட வேண்டாம், கம்பெனி கட்டினால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் பதிலாக, ஒரு மாற்றத்தை ஐந்து சின்னக் கமிட்டாகப் பிரிக்கவும், டெஸ்ட் எழுதவும், ஃபீச்சர் ஃபிளாக் போட்டு பாதிப் பேருக்கு மட்டும் திறந்து பார்க்கவும் பழகினால் எந்த ஆபீஸிலும் கேட்பார்கள்.

இன்டர்வியூவில் "நாங்க அஜைல்" என்று அவர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு இதைக் கேளுங்கள். நான் இன்று ஒரு வரி மாற்றினால் அது வாடிக்கையாளர் கைக்குப் போக எத்தனை நாள்? கடைசியாக ரெட்ரோவில் வந்த எந்த விஷயத்தை உண்மையிலேயே மாற்றினீர்கள்? இரண்டாவது கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், அதுவே பதில். வேலையை எடுக்காதே என்று சொல்லவில்லை, ரென்ட் கட்டணும் இல்லையா. தெரிந்துகொண்டு எடுங்கள்.

உங்கள் டீமில் ஒரு ரெட்ரோவால் நிஜமாகவே மாறிய ஒரு விஷயம், சின்னதானாலும் சரி, இந்த மெயிலுக்கு ரிப்ளை பண்ணுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். அடுத்த எபிசோடில் படிக்கிறோம். சென்னை, கொழும்பு டீமோடு வேலை செய்பவர்கள் இருந்தால் உங்கள் ஸ்டாண்ட்-அப் எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். ஏப்ரல் முதல் ஞாயிறு டேலைட் சேவிங் முடியும்போது யார் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.